குறைந்தபட்சத்துக்கும் பதினொரு கிலோமீட்டர் குறைவாக

பசுமலையில் ஒரு கம்ப்யூட்டரிடம் ஒருவன் ஒரு கேள்வி கேட்டானாம். அது மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டே இருக்கிறதாம். நடுவில் அணைத்தால் எல்லாம் மறந்துவிடும் என்று அணைக்காமல் வைத்திருக்கிறார்களாம். கேட்டவனுக்குப் புத்தி பேதலித்து, இப்போது சிம்மக்கல்லில் நின்று ஊர்ப் பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

இதை எனக்குச் சொன்னவர் முடிவெட்டும் கண்ணுச்சாமி. சொல்லும்போது சவரக்கத்தி என் கழுத்தில் இருந்தது. ஆகவே மறுத்துப் பேசவில்லை.

"அப்படி என்னத்தைய கேட்டானாம்?"

"பால் வண்டி எந்த வழியாப் போகணும்னு கேட்டானாம்ணே."

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான். அதுக்கே மெசினுக்கு மண்டை காஞ்சு போச்சாம்ல."

இந்த ஊர் வதந்திகளில் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆள்தான் மாறியிருப்பார். எனவே மறுநாள் பசுமலைக்கு பஸ் ஏறினேன். 

அங்கே ஒரு கல்லூரி. அதன் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே ஒன்பது ஜோடி செருப்புகள். பத்தாவதாக என்னுடையதைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கணிதத் துறை ஸ்யாமளா அம்மாள்தான் அந்த அறைக்குப் பொறுப்பு. வதந்தியைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"மூணு வருஷமா யோசிக்கறதா? போன வாரம் மூணு நாள் கரண்டே இல்லை. அப்பவும் யோசிச்சிண்டு இருந்ததாமா?"

"அப்போ பொய்தானே?"

"மெஷினைப் பத்தினது பொய். சனிக்கிழமை சனிக்கிழமை ஒருத்தர் வந்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்துட்டுப் போறார். அது நிஜம். மூணு வருஷமா வர்றார்."

"அவருக்குத்தான் புத்தி பேதலிச்சதா?"

"சேச்சே. ரொம்பத் தெளிவானவர். அதான் கஷ்டம்."

அவர் பெயர் சாம்பசிவம். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அவர் நல்லவர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படிப்பவர்களுக்கு அது மறந்துபோகக்கூடும்.

சாம்பசிவத்தின் அப்பா பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார். காம்பஸ் இல்லாமல் வட்டம் போட்ட பையனின் விரலில் ஸ்கேலால் அடிப்பவர். வீட்டிலும் அதே ஸ்கேல்தான். அதனாலோ என்னவோ, சாம்பசிவம் சிறு வயதிலேயே தோராயம் என்ற சொல்லுக்குப் பயந்தார். பரீட்சையில் விடை உறுதியாகத் தெரியாத கணக்கைத் தொடவே மாட்டார். தொட்ட கணக்கெல்லாம் முழு மார்க். தொடாத கணக்குக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள். கணிதத்தில் பட்டம் வாங்கி, 1966-ல் மதுரையில் ஒரு பால் நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். (நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். எழுதாவிட்டால் அவர்கள் எனக்குப் பால் விற்பார்கள்.) பதினெட்டு வருஷம் ஒரு கூட்டல் பிழை கிடையாது. 

1984-ல் நிறுவனம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து மில்லில் வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். கணக்கில் கெட்டிக்காரர் என்று சாம்பசிவத்தை ஆறு வாரப் பயிற்சிக்கு மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவருக்கு ஏ.சி. போட்ட அறை கிடைத்தது. நிறுவனத்திலேயே ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான். எனவே மேலாளர் பட்டாபிராமன் தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அங்கே வந்து உட்காருவார். உட்கார்ந்திருப்பவர் ஏதாவது பேச வேண்டுமல்லவா? ஒருநாள் கேட்டார்:

"ஏன்யா சாம்பசிவம், இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்கோம். மேற்கு வண்டிக்குக் குறைஞ்ச தூரத்துல ஒரு வழி சொல்லச் சொல்லேன் இதை."

மேற்கு வண்டி என்பது விடியற்காலையில் நகரிலுள்ள பால் பண்ணையிலிருந்து கிளம்பி, சோழவந்தான், விக்கிரமங்கலம் பக்கமெல்லாம் இருபத்துநாலு ஊரில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுமுன் திரும்பும் வேன். ஓட்டுபவர் மலையாண்டி. செக்கானூரணிக்குத் தெற்கே சொந்த ஊர். பதினைந்து வருஷமாக அதே வண்டி, அதே தடம்.

கம்ப்யூட்டருக்கு ஊர் தெரியாது. தூரம் மட்டும்தான் தெரியும். அதையும் நாம்தான் சொல்ல வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு என்று பண்ணையையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் முந்நூறு தூரங்கள். சாம்பசிவம் ரோடு படத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளும் ஆள் இல்லை. மூன்று வாரம், பால் இறக்கிய பிறகு அதே வேனில் மலையாண்டி பக்கத்தில் உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்துப் பார்த்து எழுதினார். டீசலை எப்படி மிச்சப்படுத்துவது என்று கண்டுபிடிப்பதற்காக அந்த மூன்று வாரத்தில் செலவான டீசலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"எதுக்கு சார் இம்புட்டு அலைச்சல்? எங்கிட்டக் கேட்டாச் சொல்ல மாட்டனா?" என்றாராம் மலையாண்டி.

"நீ சொன்னா ஃபைல்ல ஏறாது மலையாண்டி."

"அது சொன்னா ஏறுமாக்கும்?"

"அது சொன்னா சேர்மன் வரைக்கும் ஏறும்."

"அப்ப நல்லாக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. சேர்மன் வரைக்கும் ஏறுனது திரும்ப எறங்காதுல்ல."

சாம்பசிவம் ப்ரோக்ராம் எழுதினார். நேர்மையான ப்ரோக்ராம். ஊர்களை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாமோ அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து, எது குறைவோ அதைச் சொல்லும். முதலில் எட்டு ஊரை மட்டும் கொடுத்துச் சோதித்தார். மூன்றரை நிமிஷத்தில் விடை வந்தது. அன்று மத்தியானம் பட்டாபிராமன் வந்து உட்கார்ந்து, "இருபத்துநாலு ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக சாம்பசிவம் தோராயமாக ஒரு பதில் சொன்னார்:

"எட்டுக்கு மூணரை. இருபத்துநாலுன்னா மூணு மடங்கு. பத்து, பத்தரை நிமிஷம் சார்."

எல்லாக் கேடும் இந்தப் பத்தரை நிமிஷத்தில் தொடங்கியது.

சிம்மக்கல்லில் இறங்கி மூன்று வேலை முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: காய்கறி, தையல்காரர், சைக்கிள் கடை. எதை முதலில், எதை அடுத்து என்று ஆறு விதமாகப் போகலாம். நாலு வேலை என்றால் எட்டு விதம் என்று நினைப்போம். இருபத்துநாலு. ஐந்து என்றால் நூற்றிருபது. ஒரு ஊர் கூடும்போது வேலை ஒரு பங்கு கூடுவதில்லை. இருப்பதெல்லாம் பல மடங்காகப் பெருகுகிறது. சாம்பசிவத்தின் மெஷின் விநாடிக்கு நூறு வழியைக் கூட்டிப் பார்க்கும். ஒரு வரிசையைத் தலைகீழாகப் போனாலும் தூரம் ஒன்றுதான் என்று பாதியைத் தள்ளிவிட்டாலும், எட்டு ஊருக்கு மூன்றரை நிமிஷம், பத்து ஊருக்கு ஐந்து மணி நேரம், பன்னிரண்டுக்கு இருபத்தெட்டு நாள், பதின்மூன்றுக்கு ஒரு வருஷம்.

இதைச் சாம்பசிவம் தாளில் போட்டுப் பார்த்தது எப்போது தெரியுமா? சேர்மனும் டைரக்டர்களும் மாலை போட்டுக்கொண்டு ஏ.சி. அறையில் உட்கார்ந்து, மெஷினுக்குக் குங்குமம் வைத்து, சேர்மன் பட்டனை அமுக்கி, இருபத்தைந்து நிமிஷம் ஆன பிறகு. கேசரி இரண்டாம் சுற்று வந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் மின்னி மின்னி அணைந்தது. சாம்பசிவம் ஒரு மூலைக்குப் போய், இருபத்துநாலு ஊருக்கு எவ்வளவு ஆகும் என்று பெருக்கினார். கோடியைக் கோடியால் பெருக்கினால் எவ்வளவோ, அத்தனை வருஷம் வந்தது. தப்பாகப் பெருக்கிவிட்டோமோ என்று மறுபடி பெருக்கினார். அவருக்குப் பெருக்கல் தப்பாது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் பட்டாபிராமன், சேர்மனுக்குக் கேட்காதபடி.

"கொஞ்சம் நேரமாகும் சார்."

"எவ்வளவு?"

சாம்பசிவம் தாளைக் காட்டினார். பட்டாபிராமன் பூஜ்யங்களை எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு திரும்பி, "வோல்டேஜ் கம்மியா இருக்கு சார். நாளைக்குக் காலையில விடை தயாரா இருக்கும்," என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலைக்குள் விடை வேண்டும். சாம்பசிவம் வேறொரு சின்ன ப்ரோக்ராம் எழுதினார். இருக்கிற ஊருக்குப் பக்கத்து ஊர் எதுவோ அங்கே போ. அங்கிருந்து, போகாத ஊர்களில் பக்கத்தில் எதுவோ அங்கே போ. இப்படியே எல்லாம் முடிந்ததும் பண்ணைக்குத் திரும்பு. கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மலையாண்டி அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தது நூற்று நாற்பத்தெட்டு. ஆறு மிச்சம்.

"இதுதான் குறைஞ்சதா?"

"குறைஞ்சதுல ஒண்ணு சார். இதைவிடக் குறைவா இருக்கலாம். இருக்காமயும் போகலாம். சொல்ல முடியாது."

"'சொல்ல முடியாது'ன்னு சேர்மனுக்கு நோட் போடவா? கம்ப்யூட்டர் வாங்கின கையோட? குறைஞ்சதுன்னு ஒரு வார்த்தை அந்தப் பேப்பர்ல வரணும்யா. அதுவா அச்சடிச்சு வரணும்."

சாம்பசிவம் தன் கையால் ஒரு பொய்யும் எழுதியதில்லை. இப்போதும் எழுதவில்லை. ப்ரோக்ராமின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். தூரத்தை அச்சடித்த பிறகு அதற்குக் கீழே 'இதுவே குறைந்தபட்சம்' என்று ஆங்கிலத்தில் அச்சடி, என்று மெஷினுக்கு ஓர் உத்தரவு. மெஷின் அச்சடித்தது. எந்த வழியைக் கொடுத்திருந்தாலும், கொடைக்கானலைச் சுற்றிக்கொண்டு வரும் வழியாக இருந்தாலும், அதன் கீழே அப்படித்தான் அச்சடித்திருக்கும்.

பக்கத்தில் எது, பக்கத்தில் எது என்று போகிறவன் ஓரமாக இருப்பதை விட்டுவிட்டுப் போவான். அந்தப் பாதையில் விட்டுப்போன ஊர் ஊத்துப்பட்டி. காலையில் அதற்கு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் வண்டி கடந்து போகும். ஆனால் வேறொரு ஊர் இரண்டு கிலோமீட்டரில் இருந்ததால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கடைசியில் எல்லா ஊரும் முடிந்த பிறகு, அந்த ஒற்றை ஊருக்காகப் பதினாலு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். அதற்குள் மணி எட்டு நாற்பது. கேன்கள் வெயிலில் நின்றன. முதல் வாரத்திலேயே இரண்டு நாள் பால் திரிந்து வாய்க்காலில் கொட்டினார்கள்.

மலையாண்டி ஒரு வாரம் கம்ப்யூட்டர் சொன்னபடி ஓட்டினார். பிறகு, அதே முந்நூறு தூரங்களைத் தானும் கூடவே இருந்து அளந்தவராதலால், மனசுக்குள்ளேயே வரிசையை மாற்றினார். ஊத்துப்பட்டியை நடுவில் செருகி, விக்கிரமங்கலம் பக்கத்து ஊர்களைத் தலைகீழாக எடுத்து, திரும்பும் வழியை வேறு ரோட்டில் போட்டார். பால் திரிவது நின்றது. மீட்டர் நூற்று முப்பத்தொன்று காட்டியது. யோக்கியமான மனுஷர், நூற்று முப்பத்தொன்று என்றே ட்ரிப் ஷீட்டில் எழுதினார்.

நூற்று நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தால் கண்டித்துவிட்டு விட்டிருப்பார்கள். நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தால் இன்று ஓய்வூதியத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பார். குறைந்தபட்சமே நூற்று நாற்பத்திரண்டாக இருக்கும்போது ஒருவன் நூற்று முப்பத்தொன்று ஓட்டினால் என்ன அர்த்தம்? ஏதோ ஒரு ஊருக்குப் போகவில்லை. அல்லது மீட்டரைத் திருகிவிட்டான். மலையாண்டிக்கு வந்த குற்றப் பத்திரிகையை நான் பார்த்தேன். அதில் இருந்த வாசகம்: 'குறைந்தபட்சத் தூரத்துக்கும் குறைவாக வண்டி ஓட்டியது.'

விசாரணை அதிகாரி பட்டாபிராமனேதான். ஏ.சி. அறையிலேயே விசாரணை. ஊத்துப்பட்டிப் பால் சங்கத்துச் செயலாளர் வந்து, வண்டி தினமும் வந்தது, ஆறு இருபதுக்கே வந்தது என்று சாட்சி சொன்னார். 'கணிப்பொறிப்படி வண்டி அங்கே வரும் நேரம் எட்டு நாற்பது. எனவே ஆறு இருபதுக்கு வந்தது நமது வண்டியாக இருக்க முடியாது' என்று பதிவு செய்தார்கள்.

பிறகு சாம்பசிவம்.

"கம்ப்யூட்டர் கூட்டல்ல தப்புப் பண்ணுமா?"

"பண்ணாது சார்."

"இந்தப் பேப்பர் கம்ப்யூட்டர்ல இருந்து வந்ததா?"

"ஆமா சார்."

"இதுல குறைந்தபட்சம்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு சார்."

மூன்றும் உண்மை. சாம்பசிவம் பொய் சொல்லாதவர் என்று முன்பே சொன்னேன்.

மலையாண்டி எழுந்து நின்றாராம். "சார், நீங்க கணக்குல புலி. நான் போன வழியச் சொல்றேன். இருபத்தஞ்சு நம்பருதான். இங்கனயே கூட்டிப் பாருங்க. நம்ம ரெண்டு பேரும் சேந்து அளந்த தூரந்தான சார்?"

"கணக்கு வழக்கெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும். நீ உக்காரு," என்றார் பட்டாபிராமன்.

சாம்பசிவம் வெளியே வந்து மலையாண்டியிடம் அந்த வழியைக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கூட்டினார். இருபத்தைந்து எண்கள். நாலு நிமிஷம். நூற்று முப்பத்தொன்று. இருபத்துநாலு ஊரும் இருந்தன. மூன்று தடவை கூட்டினார்.

அடுத்த சனிக்கிழமை பசுமலைக்குப் போய் ஸ்யாமளா அம்மாளிடம் முழுக் கதையையும் சொன்னார். அந்த அம்மாள் அவருக்குச் சொன்ன விளக்கத்தை எனக்கும் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்த மாதிரிக் கணக்குக்குக் குறுக்குவழி உலகத்தில் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவிலும் தெரியாது, ருஷ்யாவிலும் தெரியாது. குறுக்குவழியே கிடையாது என்று நிரூபிக்கவும் யாராலும் முடியவில்லை. பெரிய மெஷின் வாங்கினாலும் இரண்டு ஊர் கூட்டலாம், மூன்று ஊர் கூட்டலாம், அவ்வளவுதான். ஆகவே விவரமானவர்கள் ஓரளவு நல்ல வழி கிடைத்தால் போதும் என்று நிறுத்திக்கொள்வார்கள். குறைந்தது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இதில் ஒரு விசேஷம் உண்டு. விடையைத் தேடுவதுதான் பிரம்மப் பிரயத்தனம். 'நூற்று நாற்பத்திரண்டைவிடக் குறைந்த வழி இதோ' என்று ஒருவன் கொண்டுவந்து கொடுத்தால், அது சரியா என்று பார்ப்பது வெறும் கூட்டல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும்.

"அவர்தான் கொண்டுவந்து குடுத்துட்டாரே. கூட்டியும் பார்த்துட்டேளே. ரெண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கோளேன்," என்றாராம் ஸ்யாமளா அம்மாள்.

"மெஷினே அந்த நூத்தி முப்பத்தொண்ணைக் கண்டுபிடிச்சுட்டா நல்லது மேடம். கம்ப்யூட்டர் திருத்தம்னு சொல்லிடலாம். யாருக்கும் சங்கடம் இல்லை."

"அவரோட வழியையே மெஷின்ல குடுத்துக் கூட்டச் சொல்லலாமே? ஒரு செகண்டு வேலை."

"அது அவன் கண்டுபிடிச்சதா ஆயிடும். மெஷின் கண்டுபிடிச்சதா ஆகாது."

மெஷின் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக, பட்டாபிராமன் வந்து உட்காராத அந்தக் கல்லூரி மெஷினுக்குச் சனிக்கிழமைகளில் புதிய ப்ரோக்ராம் எழுதினார். பாதையில் ஒரு துண்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வை. தூரம் குறைந்தால் அப்படியே வைத்துக்கொள். குறையாவிட்டால் பழையபடி விடு. நல்ல யுக்திதான். முதல் மாதத்திலேயே நூற்று முப்பத்தெட்டு வந்தது. பிறகு நூற்று முப்பத்தாறு. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அசையவில்லை. வற்றிய கண்மாய்க்குள் ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆகப் பெரிய பள்ளத்தைத் தேடி இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அகப்பட்ட குழியில் போய் நிற்பான். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் மேடு. ஆகவே இதுதான் அடி என்று நினைப்பான். பெரிய பள்ளம் நாற்பதடி தள்ளி இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நூற்று முப்பத்தெட்டே போதும். நூற்று நாற்பத்திரண்டுக்குக் கீழே எந்த எண் வந்தாலும் அந்த 'குறைந்தபட்சம்' பொய் என்று ஆகிவிடும். மலையாண்டியின் குற்றமும் விழுந்துவிடும். அந்தத் தாளைச் சாம்பசிவம் யாரிடமும் காட்டவில்லை. 1985 நவம்பரில் மலையாண்டியை வேலைநீக்கம் செய்தபோது அது அவருடைய மேஜை டிராயரில் இருந்தது. அடுத்த வருஷம் அவருக்குக் கணிப்பொறி அலுவலர் என்று பதவி உயர்வு வந்தது. டிராயர் பெரிதாயிற்று.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஸ்யாமளா அம்மாள் கொடுத்த தூரப் பட்டியலின் நகலோடு சிம்மக்கல்லுக்குப் போனேன். கண்ணுச்சாமி சொன்ன ஆள் அங்கே இருந்தார். மொத்தக் காய்கறிக் கடை ஒன்றின் வாசலில் மூட்டை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். பஸ்ஸுக்கு நின்ற ஒரு கல்லூரிப் பையனைப் பிடித்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் பஸ் வருவதற்கு முன்பே ஓடிப்போனான்.

"மலையாண்டிண்ணே, எனக்குச் சொல்லுங்க," என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "பேப்பர் இருக்கா?"

ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் இருந்தது. சொன்னார். பண்ணையிலிருந்து முதல் ஊருக்கு ஒன்பது, அங்கிருந்து நாலரை, அங்கிருந்து மூன்று. நடுவில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பட்டியலோடு ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்து எழுதினேன். எனக்குக் கணக்கு வராது. ஏழு நிமிஷம் ஆயிற்று. நூற்று முப்பத்தொன்று.

"எம்புட்டு?"

"நூத்தி முப்பத்தொண்ணு."

"மூணு வருசத்துல நீங்கதான்ணே மொத ஆளு. எவனும் கூட்டிப் பாக்க மாட்டேங்கிறான். ஊர்ப் பேரச் சொன்ன ஒடனே கிறுக்கன்னு போயிடுறாங்க," என்றார்.

வேலை போன பிறகு வீட்டில் இருந்த மாடுகளும் போய்விட்டன. மூத்த மகளை எட்டாவதோடு நிறுத்தி, ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பியாயிற்று. லாரி ஓட்டப் போன இடத்தில் எல்லாம், பால் கம்பெனியில் மீட்டரைத் திருகி வேலை போனவன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய் நின்றது. சம்சாரம் முத்துத்தாய் ஊரில் களையெடுக்கிறாள். தொழிலாளர் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. வருகிற வியாழக்கிழமை கடைசி வாய்தா. நிறுவனத்தின் பக்கம் ஒரே ஒரு சாட்சியம்தான்: அந்த அச்சடித்த தாள்.

"சார்வாளைப் பாத்தீகளா?" என்று கேட்டார். "ரெண்டு வரி எழுதித் தாரேன்னு சொன்னாரு. நல்ல மனுசன். என் கூட மூணு வாரம் வண்டியில வந்தவரு. புழுதில இருமிக்கிட்டே எழுதுனாரு."

அன்று மாலையே சாம்பசிவத்தைப் பார்த்தேன். நரைத்த, மெலிந்த, மரியாதையான மனிதர். என் கல்யாணப் பத்திரிகையை வாங்கி, பேனாவின் மூடியைக் கழற்றாமலே ஓட்டமாகக் கண்ணால் கூட்டினார்.

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப எழுதிக் கொடுத்துடலாமே?"

"குடுக்கறேன். வியாழக்கிழமைக்குள்ள நிச்சயம். ஒரு புது யோசனை இருக்கு. ஒரு துண்டு இல்லாம மூணு துண்டை ஒரே சமயத்துல மாத்திப் பார்த்தா வந்துடும்னு தோணறது."

"சார், நீங்க கண்டுபிடிக்கவே வேண்டாம். மூணு வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு. நூத்தி நாப்பத்திரண்டு குறைஞ்சது இல்லைன்னு மட்டும் எழுதினாப் போதும்."

"எழுதினா அடுத்த கேள்வி என்ன வரும்? அப்ப எதுதான் குறைஞ்சதுன்னு கேப்பான். நூத்தி முப்பத்தொண்ணுக்கும் கீழே ஒண்ணு இல்லைன்னு என்னால நிரூபிக்க முடியுமா? தெரியாத கணக்குல எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அந்த ஒரு வரியை மெஷினை விட்டு அச்சடிக்க வைத்த நாளில் இந்தக் கேள்வி ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் நான் எழுந்து வந்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு ஆள் வந்து என்னிடம் ஒரு உறை கொடுத்தான். உள்ளே மெஷினில் அச்சடித்த ஒரு தாள். இருபத்துநாலு ஊரும் வரிசையாக. கீழே: 132. குறைந்தபட்சம் என்ற வார்த்தை இல்லை. கையெழுத்தும் இல்லை. கூடவே ஒரு சிறு காகிதத்தில் மணிமணியான எழுத்தில், 'மூன்று துண்டு முறை நன்றாக வேலை செய்கிறது. இன்னும் ஒன்றுதான். ஒரு வாரம் பொறுக்கவும்.'

வியாழக்கிழமை காலை அந்தத் தாளை மலையாண்டியின் வக்கீலிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "யார் பேப்பர் இது? கையெழுத்து இல்லை, சீல் இல்லை. யார் வேணும்னாலும் அடிக்கலாமே," என்று திருப்பிக் கொடுத்தார். சாம்பசிவத்தைச் சாட்சிக்குக் கூப்பிட ஆள் அனுப்பினோம். அன்று அவர் லீவு. பசுமலையில் இருக்கிறார் என்றார்கள். பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கணிப்பொறி முடிவை மறுக்கத் தொழிலாளி தரப்பில் ஆவணம் ஏதும் தாக்கல் செய்யப்படவில்லை என்பதால் வேலைநீக்கம் செல்லும் என்று தீர்ப்பு.

படியில் இறங்கும்போது மலையாண்டி அந்தத் தாளைக் கேட்டார். மரத்தடியில் நின்று, ஊர் ஊராக விரலை வைத்துப் படித்தார். முத்துத்தாய் பக்கத்தில் நின்று, "என்னய்யா போட்டிருக்கு?" என்றாள். நாலு ஊரில் மட்டும் விரல் நின்று நின்று போனது.

"இங்கனதான் தப்பு. இந்த நாலையும் ஒண்ணா எடம் மாத்திப் போட்டா முடிஞ்சுச்சு. இம்புட்டுத் தூரம் வந்துட்டு இத விட்டுட்டாரே," என்றார். தாளை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார். "சார்வாள்ட்ட சொல்லுங்கண்ணே. பதினொண்ணுல பத்து குடுத்துட்டாரு. இன்னும் ஒரு கிலோமீட்டர் பாக்கி."

சொன்னேன். குறித்துக்கொண்டார். இதை எழுதும்போது ஐந்து சனிக்கிழமைகள் போயிருக்கின்றன. இன்னும் நூற்று முப்பத்திரண்டுதான்.